வள்ளித்தாயின் மிஞ்சித் துணி

தாயில்பட்டிக்குப் போகிற ரோட்டை ஒட்டிய அந்தப் பட்டாசுக் கம்பெனியின் வாசலில் வள்ளித்தாய்க்கு ஒரே வேலைதான். உள்ளே போகிற பெண்களின் உடம்பில் இரும்பு, பித்தளை, வெள்ளி என்று எது இருந்தாலும் கழற்றி வாங்கி வைக்க வேண்டும். ஊக்கு, கொண்டை ஊசி, கொலுசு, சாவிக்கொத்து எல்லாம் அவள் பக்கத்தில் இருக்கிற பிளாஸ்டிக் வாளிக்குள் விழும். நைலான் சேலை கட்டி வந்தவளை வீட்டுக்குத் திருப்பி அனுப்புவாள். தரையில் உலோகமோ உடம்பில் நைலானோ உரசி ஒரு பொறி கிளம்பினால் போதும், மிச்ச வேலையை அறையில் இருக்கிற வெடிமருந்தே பார்த்துக்கொள்ளும். இதை அந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் தினம் ஒருத்தி ஊக்கோடு வந்து, "மறந்துட்டேன் மதினி" என்பாள்.

வள்ளித்தாய் முன்பு தரைச்சக்கரம் சுற்றுகிற அறையில் இருந்தவள். ஒருமுறை பக்கத்து அறையில் லேசாகப் புகைந்தபோது அவள் போட்ட சத்தத்தில் மொத்தக் கம்பெனியும் வெளியே வந்துவிட்டது. வாட்ச்மேன் வெள்ளைத்துரைகூட விழித்துக்கொண்டார். இந்தத் தொண்டையைச் சக்கரத்துக்குள் வீணாக்கக் கூடாது என்று மேனேஜர் ராஜபாண்டியன் அவளை வாசலுக்கு மாற்றினார். ஆம்பளைகளை வெள்ளைத்துரை தடவிப் பார்த்துப் பீடியையும் தீப்பெட்டியையும் வாங்கிக்கொள்வார். பெண்களை வள்ளித்தாய் பார்ப்பாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, அந்த வருஷம் சுற்றுவட்டாரத்தில் ஒரு விபத்து நடந்தது. அதிகாரிகள் வந்தார்கள். உலோகம் என்றால் எல்லா உலோகமும்தான், கால்விரல் மிஞ்சியும் சேர்த்தி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தாலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது ரவிக்கைக்குள் கிடக்கிறது, தரையில் உரசாது என்று நினைத்திருக்கலாம். மிஞ்சி உரசும்.

மறுநாள் காலையில் வாசலில் ஒரு பெண்கூட உள்ளே போகவில்லை. புருஷன் உயிரோடு இருக்கும்போது மிஞ்சியைக் கழற்றுவதா? அவன் அம்மிமேல் காலைத் தூக்கி வைத்துப் போட்டுவிட்டதை, அவன் போன பிறகுதான் கழற்ற வேண்டும். குடித்துவிட்டு வந்து தினமும் அடிக்கிறவனின் பெண்டாட்டிகூட இதில் விட்டுக்கொடுக்கவில்லை. சரி, தீப்பெட்டிக் கம்பெனிக்கே போய்விடுகிறோம் என்று பாதிப் பேர் திரும்பி நடந்தார்கள். சட்டமும் நியாயம், அவர்கள் சொல்வதும் நியாயம். நடுவில் வள்ளித்தாய் நின்றாள், அவள் காலிலும் மிஞ்சி கிடந்தது.

அன்றைக்குத்தான் அவள் தன் வாழ்நாளின் ஒரே கண்டுபிடிப்பைச் செய்தாள். வெள்ளைத்துரையின் பழைய வேட்டி ஒன்று வாசல் அறையில் கிடந்தது. அதை நீளநீளமாகக் கிழித்து, மிஞ்சி வெளியே தெரியாதபடி விரலைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டாள். உலோகம் தரையில் படாது, புருஷனுக்கும் ஒன்றும் ஆகாது. அதிலிருந்து எல்லாப் பெண்களும் வீட்டிலேயே துணி சுற்றிக்கொண்டு வந்தார்கள். வள்ளித்தாய் முடிச்சை இழுத்துப் பார்த்து உள்ளே விடுவாள். மேனேஜருக்கு இது தெரியாது. அவர் கார் வருவதற்குள் எல்லாரும் அறைகளுக்குள் போயிருப்பார்கள். தெரிந்தால் வள்ளித்தாய் மறுபடியும் சக்கரம் சுற்றப் போக வேண்டியதுதான்.

அவள் புருஷன் சங்கிலிமுத்துவும் அதே கம்பெனிதான். மருந்து கலக்குகிறவன். கந்தகம், பச்சை உப்பு, அலுமினியப் பவுடர் என்று சலித்துக் கலந்து சாயங்காலம் வெளியே வரும்போது தலைமயிரிலிருந்து பாதம் வரை வெள்ளிப்பூண் போட்ட மாதிரி இருப்பான். பஸ்ஸில் அவன் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். அதனால் அவனுக்கு எப்போதும் சீட்டு கிடைக்கும். கலக்குகிற வேலை எல்லாருக்கும் வராது, கை பதறுகிறவனுக்கு அந்த அறைக்குள் இடமில்லை. ஊரில் அவனை 'மருந்துக்காரர்' என்றுதான் சொல்வார்கள். அந்தப் பேரில் அவனுக்கு ஒரு நிமிர்வு உண்டு.

கம்பெனி முகமூடி கொடுத்திருந்தது. வியர்க்கிறது என்று அதை முழங்கையில் மாட்டிக்கொள்வான். முழங்கைக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. வேலை முடிந்ததும் ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுப்பார்கள். பழம் தின்றால் நெஞ்சில் இருக்கிற தூசி வயிற்றுக்கு இறங்கிவிடும் என்பது அங்கே எல்லாரும் நம்புகிற விஷயம். கம்பெனியின் ஆரோக்கியத் திட்டம் அந்தப் பழத்தோடு முடிந்துவிடும்.

அந்தக் கோடையில் சங்கிலிமுத்து இருமத் தொடங்கினான். முதலில் படுக்கும்போது மட்டும் வந்தது, பிறகு சாப்பிடும்போதும் வந்தது. ஒருநாள் வீட்டு வாசலில் அவன் துப்பியதை வள்ளித்தாய் குனிந்து பார்த்தாள். எச்சில் வெயிலில் மினுங்கிக்கொண்டு கிடந்தது.

"விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குப் போவம்யா" என்றாள்.

"எதுக்கு? நெஞ்சுல தூசின்னு எழுதிக் குடுப்பான். மேனேஜரு லேபிள் ஒட்டப் போடும்பாரு. பொம்பளைகளோட ஒக்காந்து பசை தடவச் சொல்றயா?"

"உசுரு இருந்தாத்தான தடவுறதுக்கு."

"ரெண்டு பழம் சேத்துத் தின்னா சரியாப் போகும். போ, சோலியப் பாரு."

அவளுக்குப் பயமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லத் தெரியாமல், வாசலில் எல்லாருடைய முடிச்சையும் கொஞ்சம் பலமாக இழுத்துப் பார்த்தாள்.

அப்போதுதான் கம்பெனியில் மருத்துவ முகாம் என்று சொன்னார்கள். சூலக்கரை கலெக்டர் ஆபீசில் நடந்த ஒரு கூட்டத்தில், தொழிலாளர் நெஞ்சைக் கட்டாயம் சோதிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். வள்ளித்தாய்க்குக் குலதெய்வமே வேன் ஏறி வருகிற மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன் என்கிறவன், ஆஸ்பத்திரி கம்பெனிக்கு வந்தால் எங்கே ஓடுவான்?

விருதுநகரிலிருந்து டாக்டர் சுகிர்தா வந்தார். இளவயசு, பொறுமையான ஆள். ஆபீஸ் வராந்தாவில் மேஜை போட்டார்கள். போட்டோக்காரரும் வந்திருந்தார். பெண்கள் முதலில், ஆண்கள் பிறகு என்றார் மேனேஜர். அவர் டாக்டர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

முதலில் வந்தவள் மாரிசெல்வி, திரி சொருகுகிறவள். டாக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்தார், முதுகில் வைத்தார், பிறகு காலைப் பார்த்தார்.

"விரல்ல என்னம்மா காயம்?"

மாரிசெல்வி மேனேஜரைப் பார்த்தாள். "முள்ளு குத்திருச்சும்மா."

"ரெண்டு கால்லயுமா? ஒரே விரல்லயா?"

"ஆமாம்மா. ரெண்டு முள்ளு."

அடுத்தவளுக்குக் கல் தட்டியிருந்தது. அதற்கடுத்தவளுக்கு ஆட்டுக்கல் விழுந்திருந்தது, இரண்டு காலிலும், அளவெடுத்து ஒரே விரலில். டாக்டர் எட்டிப் பார்த்தார். வரிசை முழுக்க, வேப்பமரத்தடி வரைக்கும், அத்தனை பெண்களும் இரண்டாவது விரலில் துணி சுற்றிக்கொண்டு நின்றார்கள். அந்த டாக்டர் படித்த எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒரு வியாதி இருந்திருக்காது. ஏதோ ரசாயனம் விரலைத் தின்கிறது என்று அவர் நினைத்ததில் தப்பே இல்லை. கட்டை அவிழுங்கள் என்றார். ஒருத்தியும் அவிழ்க்கவில்லை. தண்ணீர் பட்டதா, எந்த அறையில் வேலை, விரல் எரிகிறதா அரிக்கிறதா என்று ஒவ்வொருத்தியிடமும் நெடுநேரம் விசாரித்தார். எரிகிறது என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, யோசித்து, அரிக்கிறது என்றாள்.

வள்ளித்தாய் தூணோரம் நின்றிருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், வரிசை கடகடவென்று நகர்ந்துவிடும், ஆம்பளைகளின் முறை வந்துவிடும். சொன்னால் தன் வாசல் வேலை போகும், அத்தனை பேர் மிஞ்சியும் போகும். இப்போது சொல்லிவிடலாம், அடுத்தவளுக்குப் பிறகு சொல்லிவிடலாம் என்று நின்றுகொண்டே இருந்தாள். அங்கே சங்கிலிமுத்து மற்ற ஆம்பளைகளோடு சுவரில் சாய்ந்து இருமிக்கொண்டிருந்தான். பொழுது சாய்ந்தது, வேனுக்கு நேரமாகிவிட்டது. ஆண்களை அடுத்த முகாமில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். சங்கிலிமுத்து நிம்மதியாகப் பழத்தை உரித்தான்.

பிறகு கம்பெனி எல்லாப் பெண்களுக்கும் கால்விரல் களிம்பு வாங்கிக் கொடுத்தது. பெண்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பித்தவெடிப்புக்குப் போட்டார்கள். நல்ல களிம்பு. பலபேருக்குக் குதிகால் மெத்தென்று ஆனது.

சங்கிலிமுத்துவுக்குத்தான் ஒன்றும் குறையவில்லை. ஆடிக்காற்று வீசத் தொடங்கியபோது அவனால் வாசலிலிருந்து மருந்து அறைவரை ஒரே மூச்சில் நடக்க முடியவில்லை. வழியில் மணல் வாளி தொங்குகிற கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பான். யாராவது பார்த்தால் வாளியில் மணல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் எட்டிப் பார்ப்பான். வள்ளித்தாய் வாசலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அன்றைக்கு வாயைத் திறக்காத தன்மேல் அவளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

டாக்டர் சுகிர்தா திரும்ப வந்தார். விரல்கள் ஆறிவிட்டனவா என்று பார்க்கத்தான் முக்கியமாக வந்திருந்தார். அதே வராந்தா, அதே மேஜை, அதே போட்டோக்காரர், மேனேஜருக்கு அதே நாற்காலி. பெண்கள் முதலில் என்றார் மேனேஜர். மாரிசெல்வி முன்னால் போக எழுந்தாள்.

வள்ளித்தாய் அவளைத் தோளில் கைவைத்து உட்கார வைத்துவிட்டு, தானே போய் முக்காலியில் உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். இரண்டு விரல் துணியையும் அவிழ்த்தாள். மிஞ்சி பளிச்சென்று தெரிந்தது.

"டாக்டரம்மா, இங்கன யாருக்கும் வெரல்ல சீக்கு இல்ல. அம்புட்டுப் பேருக்கும் உள்ள இதுதான் கெடக்கு. களட்ட மனசில்லாம துணியச் சுத்துனோம். சுத்தச் சொன்னது நாந்தான்."

மேனேஜர் வாயைத் திறந்தார், போட்டோக்காரர் இருப்பதைப் பார்த்து மூடிக்கொண்டார்.

டாக்டர் கோபப்படவில்லை. துணியை எடுத்துப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "போன தடவையே சொல்லிருக்கலாமேம்மா. அன்னைக்கே எல்லாருடைய நெஞ்சையும் பாத்திருப்பேனே."

அந்தச் சொல் வள்ளித்தாயைச் சரியான இடத்தில் குத்தியது. அவள் குனிந்து மிஞ்சிகளை ஒவ்வொன்றாகத் திருகிக் கழற்றினாள். கல்யாணத்திலிருந்து கிடந்தது, லேசில் வரவில்லை. பின்னால் பெண்கள், "ஏ மதினி!" "ஏ அக்கா, வேணாம்!" என்று பதறினார்கள். அவள் நேராக ஆம்பளைகள் நின்ற பக்கம் போனாள். சங்கிலிமுத்துவின் வெள்ளிக் கையைப் பிடித்து விரித்து மிஞ்சிகளை உள்ளங்கையில் வைத்தாள்.

"இந்தாங்க. போட்டுவிட்டது நீங்கதான, நீங்களே வச்சுக்கோங்க. டாக்டரம்மா நெஞ்சப் பாத்து நல்லாருக்குன்னு சொன்ன பெறகு போட்டுவிடுங்க. அதுவரைக்கும் நான் வெறுங்காலோட திரியுதேன்."

ஊரே பார்க்கப் பெண்டாட்டி வெறும் விரலோடு நின்றால் ஒரு ஆம்பளைக்கு என்ன ஆகும் என்று எழுதிக் காட்ட வேண்டியதில்லை. மருந்தைக் கலக்கும்போது பதறாத கை அது. மிஞ்சி கிலுகிலுவென்று சத்தம் போடுகிற அளவுக்கு இப்போது நடுங்கியது.

"ஏ புள்ள, கூறு இருக்கா ஒனக்கு? நான் இன்னும் செத்தா போனேன்?"

"அதத்தான் பாத்துச் சொல்லச் சொல்றேன்" என்றாள் வள்ளித்தாய்.

சங்கிலிமுத்து முக்காலியில் போய் உட்கார்ந்தான். டாக்டர் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார், மூச்சை இழுக்கச் சொன்னார், அவனால் பாதிதான் இழுக்க முடிந்தது. விருதுநகருக்கு வரச்சொல்லி நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். நெஞ்சில் நிறையத் தூசி இருக்கிறது, கொஞ்சம் பிந்தித்தான் வந்திருக்கிறீர்கள், ஆனாலும் பார்த்துவிடலாம், இனி மருந்து அறைப் பக்கம் தலைவைக்கக் கூடாது, மாதாமாதம் வந்து காட்ட வேண்டும் என்றார்கள். அவன் பயந்தபடியே லேபிள் ஒட்டப் போட்டார்கள். முதல் வாரம் யாரிடமும் பேசாமல் பசை தடவினான். அப்புறம் அந்த அறையில்தான் ஊர்ச்செய்தி அத்தனையும் கிடைக்கிறது என்று தெரிந்ததும் வேலைக்குச் சீக்கிரமே கிளம்ப ஆரம்பித்தான்.

வள்ளித்தாயை மேனேஜர் வேலையைவிட்டு எடுக்கவில்லை. எடுத்தால் ஏன் எடுத்தேன் என்று சூலக்கரையில் சொல்ல வேண்டிவரும். மிஞ்சிமேல் துணி சுற்றுவது கம்பெனியே செய்த ஏற்பாடு என்று அவர் டாக்டரிடம் விளக்கிக்கொண்டிருந்ததை வள்ளித்தாய் காதால் கேட்டாள். கம்பெனிக்குள் தாலியைத் தவிரத் துளி உலோகம்கூட இல்லாமல், சொன்ன சட்டத்தை அப்படியே மதித்துப் போகிற ஒரே சுமங்கலி இப்போது அவள்தான். வேலை நேரம் தவிர, சங்கிலிமுத்து அந்த மிஞ்சிகளைச் சட்டைப்பையை விட்டு எடுப்பதில்லை. காலையில் வாசலில் வெள்ளைத்துரை அவற்றை வாங்கிப் பீடிக்கட்டுகளோடு டப்பாவில் போட்டுவைப்பார், சாயங்காலம் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்வான். பீடியை விட்டுவிட்டான். டாக்டர் ஒவ்வொரு மாதமும் பரவாயில்லை என்கிறார். நல்லாயிருக்கிறது என்று இன்னும் சொல்லவில்லை.

தை மாதம் ஆமத்தூரில் ஒரு கல்யாணம். பெண்களுக்குக் குங்குமத் தட்டை நீட்டிக்கொண்டே வந்த அம்மாள் வள்ளித்தாய்க்கு நேரே வந்ததும் நின்றாள். கழுத்தில் மஞ்சள் கயிற்றைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், தட்டைக் கொஞ்சம் பின்னால் இழுத்தாள்.

"என்னத்தா, மிஞ்சியக் காணோம்? வீட்டுக்காரரு...?"

சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். வள்ளித்தாய் பந்தியைக் கைகாட்டினாள். அங்கே சங்கிலிமுத்து ஒரு கையால் சட்டைப்பையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு அப்பளத்துக்காகப் பரிமாறுகிறவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நடுவில் இருமினான், மறுபடி கூப்பிட்டான்.

"அந்தா இருக்காக" என்றாள் வள்ளித்தாய். "இருக்கணும்னுதான் களட்டுனேன்."

தட்டிலிருந்து தானே குங்குமத்தை எடுத்து நெற்றியில் அழுத்தி வைத்துக்கொண்டாள்.