மொக்கையனுக்கு வெட்டிய குழி

மொக்கையன் செத்துப்போனான் என்ற சேதியை மஞ்சக்கல் எஸ்டேட்டுக்குக் கொண்டுவந்தவன் லாரி டிரைவர் காளிச்சாமி. அவனை அடித்துப் பிரயோசனமில்லை. மூன்று நாளைக்கு முன்னால் கொழுந்துக் காட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த கங்காணி மொக்கையனைத் தூக்கிப்போய்க் கீழே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தவனும் அவன்தான். தேயிலைப் பெட்டிகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, பாவம், கங்காணியை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போவோம் என்று உள்ளே நுழைந்தான். கட்டில் காலி. மெத்தையைச் சுருட்டித் தலைமாட்டில் வைத்திருந்தார்கள். அவ்வளவுதான், காளிச்சாமிக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. மஞ்சக்கல் டிஸ்பென்சரியில் இருப்பதே நாலு கட்டில். அங்கே ஆள் செத்தால் மட்டும்தான் மெத்தையைச் சுருட்டுவார்கள். பிழைத்து எழுந்துபோனால் அடுத்தவன் அதே மெத்தையில் படுத்துக்கொள்வான். பெரிய ஆஸ்பத்திரியில் மாடி வார்டுக்கு மாற்றினாலும் மெத்தையைச் சுருட்டுவார்கள் என்பது எஸ்டேட்டுக்காரனுக்கு எப்படித் தெரியும்? நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் பிணத்தை லாரியிலேயே ஏற்றிவிடுவார்களோ என்று பயந்து, கேட்காமலே வண்டியை எடுத்துவிட்டான்.

அது எழுபத்து நாலாம் வருசம், ஆடி மாசம். ஒரு வாரமாக விடாத மழை. மறுநாள் ஜீப்பில் பிணம் வந்ததும் வைத்துக் காத்திருக்க முடியாது, மண்ணோ பாறை மண், வெட்ட நேரம் பிடிக்கும். அதனால் சேதி வந்த அன்றைக்குச் சாயங்காலத்துக்குள்ளேயே நாலு பேர் போய்க் குழியை வெட்டி, மேலே தகரத்தைப் போட்டு மூடிவிட்டு வந்தார்கள். மறுநாள் பிணம் எடுக்கப் போனவன் மொக்கையனின் அக்கா மகன் பழனிச்சாமி. பிணம் எங்கே என்று கேட்டு நர்ஸிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு மாடி ஏறியவன், அங்கே மாமன் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாலில் ரொட்டியை நனைத்துத் தின்றுகொண்டிருப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்னடா, பேயக் கண்ட மாதிரி முழிக்கிற?"

பழனிச்சாமிக்கு எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாது. "ஒண்ணுமில்ல மாமா, ஒங்களுக்குக் குழி வெட்டியாச்சு" என்றான்.

அதற்குப் பிறகு மொக்கையனுக்கு ரொட்டி இறங்கவில்லை. மூன்று நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் வேறு, "மொக்கையா, கவனமா இருக்கணும். கத்தாதே, மேடு ஏறாதே. இனி ஒரு தடவை இப்படி வந்தா என் கையில ஒண்ணுமில்ல" என்று சொல்லி அனுப்பினார். ஜீப்பில் வரும் வழியெல்லாம் அவன் உள்ளங்கையை நெஞ்சில் வைத்துக்கொண்டே வந்தான். ஒரு வளைவில் துடிப்பு அகப்படவில்லை. உயிரே போய்விட்டது போலிருந்தது. பிறகுதான் கையைச் சட்டைப் பையில் இருந்த வெற்றிலைப் பொட்டலத்தின் மேல் வைத்திருக்கிறோம் என்று தெரிந்தது.

மொக்கையனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உத்தமபாளையத்துப் பக்கத்திலிருந்து ஆறு வயதில் ஆத்தாளின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மலையேறியவன். முப்பது வயதில் கங்காணி ஆனான். நாற்பது பெண்கள் கொண்ட கொழுந்துக் கூட்டத்துக்கு அவன் தலைவன். மற்றக் கூட்டத்தைவிட அவன் கூட்டம் ஒரு கிலோ குறைந்துவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. விடியுமுன் கிளம்பினால், வேலையாட்கள் கூடுகிற பெரட்டுக்களத்தில் ஆள் கணக்குக் கொடுத்து, காட்டில் தொண்டை கிழியக் கத்தி, தராசுக்குப் பக்கத்தில் நின்று, கங்காணிகளுக்கு மேலே இருக்கிற கண்டக்டருக்காக ஆபீஸ் வாசலில் காத்துக் கிடந்து, வீடு திரும்ப இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை துரை பங்களாத் தோட்டத்தில் எட்டிப் பார்ப்பான், கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால்தானே ஞாபகம் இருக்கும். இத்தனையும் எதற்கு? மேல் டிவிஷன் சூப்பர்வைசர் வேலைக்கு. அதற்குத் தனி ஓட்டு வீடு உண்டு. பத்துக் குடும்பம் ஒரே சுவரில் ஒட்டிக் கிடக்கிற லயத்து வீடு இல்லை. எட்டு வருசம் நாயாய் அலைந்தான். அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த அதே வாரம் அந்த உத்தரவு ஆபீசுக்கு வந்து சேர்ந்தது. திங்கட்கிழமை பெரட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

லயத்துக்கு வந்து இறங்கியபோது ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. செத்தவன் பிழைத்து வந்தால் சந்தோசப்படத்தானே வேண்டும்? படாமல் இல்லை. ஆனால் அங்கே குழி திறந்து கிடக்கிறதே. வெட்டின குழியை வெறுமனே மூடக்கூடாது என்பது அந்த லயத்து வழக்கம். யாருக்கு வெட்டியதோ அவன் தலையைச் சுற்றி ஒரு கோழியை உள்ளே போட்டு, எட்டு நாளைக்குள் மூட வேண்டும். இல்லாவிட்டால் அது லயத்திலேயே இன்னொரு ஆளைத் தேடிக்கொள்ளும் என்று சொல்வார்கள். மூன்றாம் வீட்டுக் குழந்தை இரண்டு தடவை இருமியதற்கே அதன் ஆத்தாள் அழுதுகொண்டு நின்றாள். மொக்கையன் வந்து சேர்ந்தது ஐந்தாம் நாள்.

பக்கத்து வீட்டு வேலுத்தாய் மட்டும்தான் வாயைத் திறந்தாள். அவள் புருசனை இழந்து நாலு வருசம். "அண்ணே, அண்ணி அழுத அழுகையில லயமே கரைஞ்சுபோச்சுண்ணே. அப்படி ஒரு ஒப்பாரி! கண்டக்டர் வீட்டம்மாகூட வந்து நின்னு கண்ணத் தொடச்சிட்டுப் போனாக" என்றாள்.

மொக்கையனுக்கு உள்ளே குளிர்ந்தது. திரும்பி மனைவி சுருளியம்மாளைப் பார்த்தான். அவள் சட்டென்று அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

அப்போது பிடித்தது சனி. தன் சாவுக்குப் பெண்டாட்டி என்ன சொல்லி அழுதாள் என்று உலகத்தில் எந்த ஆணுக்கும் தெரியாது. இவனுக்குத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது, கேட்டால் போதும். அதைக் கேட்கத்தான் அவனுக்குத் துணிச்சல் வரவில்லை. ஒப்பாரியில் நல்லது மட்டுமா சொல்வார்கள்? மனதில் அடக்கி வைத்த வயிற்றெரிச்சலையும் சேர்த்துத்தானே கொட்டுவார்கள்? மகள் கல்யாணத்தன்று தராசில் தகராறு என்று அவன் தாலி கட்டுகிற நேரத்துக்கு வராமல் போனதைச் சொல்லியிருப்பாளோ? ஒருநாள் குழம்பில் உப்பில்லை என்று சட்டியைத் தூக்கி எறிந்ததைச் சொல்லியிருப்பாளோ? இரண்டு தடவை மெதுவாகப் பேச்செடுத்தான். இரண்டு தடவையும் அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாய்க்குப் போய்விட்டாள். குடம் நிறைந்துதான் இருந்தது.

ஆறாம் நாள் காலையில் சுருளியம்மாள் வளர்த்த கோழியோடு நாலைந்து பேர் அவனைக் குழிக்குக் கூட்டிப்போனார்கள். தகரத்தை நகர்த்தினார்கள். பயத்தைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க மொக்கையனுக்குத் தெரிந்த ஒரே வழி கத்துவதுதான்.

"என்னடா இது, அஞ்சடிதான் இருக்கு? நான் ஆறடி ஆளு. காலை மடக்கியா வைப்பீங்க?"

"பாறை மாமா. கடப்பாரை இறங்கல" என்றான் பழனிச்சாமி.

"பக்கத்துல தள்ளி வெட்ட வேண்டியதுதான?"

"மழை மாமா."

டாக்டர் கத்தாதே என்றது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டான். கோழியைத் தலையைச் சுற்றிக் கழுத்தைத் திருகி உள்ளே போட்டார்கள். மண்ணைத் தள்ளும் சத்தத்தைக் கேட்க அவனுக்குப் பிடிக்கவில்லை. பழனிச்சாமியை ஒரு ஓரமாக இழுத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"டேய், இத வெட்டும்போது என்னப் பத்தி என்னடா பேசிக்கிட்டீங்க?"

பழனிச்சாமி உண்மையாகவே யோசித்தான். "போனஸ் எப்பப் போடுவாங்கன்னு பேசினோம். மழையப் பேசினோம். அப்புறம் காப்பி வந்துச்சு."

"என்னப் பத்தி?"

"ஒங்களப் பத்திப் பேச்சே வரல மாமா."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். கங்காணியாகப் பதினாறு வருசம் கத்தியிருக்கிறான், நாலு பேர் அவன் குழியை வெட்டுகிறபோது அவனைப் பற்றிச் சொல்ல நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை இல்லை. இனிமேல் சுருளியம்மாள் என்ன சொன்னாள் என்பதுதான் பாக்கி. அந்த ஒன்றைத்தான் அவன் பிடித்துக்கொண்டு தொங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் முறத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மொக்கையன் எதிரே போய்க் குந்தினான். மறுநாள் பெரட்டு. டாக்டர் சொன்னபடி பார்த்தால் இந்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு உண்டோ இல்லையோ.

"அன்னிக்கு என்ன சொல்லி அழுத?"

"கேக்காதீங்க."

"வஞ்சியா?"

"வையிறதுக்கும் ஏதாச்சும் இருக்கணும்ல."

அவன் எழுந்து போகவில்லை. அவளும் கொஞ்ச நேரம் கல்லைத் தேடிக்கொண்டிருந்தாள். பிறகு முறத்தைக் கீழே வைத்தாள்.

"சுத்திப் பதினஞ்சு பொம்பளைங்க. எல்லாரும் என் வாயையே பாக்கறாங்க. மொத அடிய நாந்தான எடுக்கணும்? என் ராசா இதச் செஞ்சாரே, அதச் செஞ்சாரேன்னு சொல்லணும்ல? தேடுறேன், தேடுறேன், ஒண்ணும் அகப்படல. விடிய முன்ன போவீங்க. வருவீங்க. சோத்தப் போடும்பீங்க. தூங்கிருவீங்க. இருபத்தி நாலு வருசமும் அதேதான். மழ பேஞ்ச மாதிரி அழுக வருது, ஆனா சொல்ல ஒரு சொல்லு இல்ல. ஊமை மாதிரி ஒக்காந்திருந்தேன். வேலுத்தாய்தான் பாவம் பாத்து எடுத்துக் குடுத்தா."

"என்னத்த எடுத்துக் குடுத்தா?"

"அவ புருசனுக்கு அவ பாடினத. சந்தைக்குப் போனா சோளப்பொரி வாங்கிட்டு வருவாராம். காச்சல்ல கெடந்தா காலு அமுக்கி விடுவாராம். ஒரே தட்டுல ரெண்டு பேரும் திம்பாகளாம். அதையே நான் ஒங்க பேருக்குப் பாடுனேன். எல்லாரும் அழுதாக. நானும் அழுதேங்க. அப்படி ஒரு ஆளு எனக்கு நெசமாவே செத்துப்போன மாதிரி இருந்துச்சு."

மொக்கையனுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். பயம்தான் வந்தது, குழியைப் பார்த்தபோது வந்ததைவிடப் பெரிய பயம். அன்றைக்கு அந்தக் கட்டிலில் அவன் நிஜமாகவே போயிருந்தால் வேலுத்தாயின் புருசன்தான் இரண்டாம் தடவை செத்திருப்பான். மொக்கையனுக்கு அழ ஆளே இருந்திருக்காது.

"எல்லாம் ஒனக்காகத்தான... அந்த ஓட்டு வீடு..." என்று ஆரம்பித்தான்.

"நான் கேட்டேனா?" என்றாள் அவள். சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை விடியுமுன் பெரட்டுக்களத்துக்குப் போகிற வழியில் மொக்கையன் மூன்று தடவை மனதை மாற்றிக்கொண்டான். எட்டு வருச அலைச்சலைக் கை கழுவுவது அவ்வளவு லேசா? சூப்பர்வைசர் மொக்கையன் என்று சொல்லிப் பார்த்தான், வாய்க்கு ருசியாகத்தான் இருந்தது. மேல் டிவிஷனுக்கு ஏறுகிற மேட்டைப் பார்த்தான். நெஞ்சில் கையை வைத்தான். களத்தில் கண்டக்டர் ஆசீர்வாதம் சார் தாளையும் பேனாவையும் நீட்டினார்.

"எனக்கு வேண்டாம் சார்."

"என்னப்பா விளையாடுறியா? துரைகிட்ட நான் எத்தனை தடவை சொல்லி வாங்கினது!"

"கங்காணி வேலையும் வேண்டாம் சார். நர்சரியில போடுங்க."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நர்சரி என்றால் கொட்டகை நிழலில் உட்கார்ந்து நாற்றுப் பைக்கு மண் நிரப்புகிற வேலை. வயதானவர்களும் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களும் செய்வது. கூலி குறைவு, அதட்ட ஆள் கிடையாது, மூன்றரைக்கு விட்டுவிடுவார்கள். காரணம் என்ன என்று ஆசீர்வாதம் சார் கேட்டார். அதை அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? "நெஞ்சு சரியில்ல சார்" என்று மட்டும் சொன்னான். அதுவும் பொய்யில்லையே.

பகல் முழுக்க ஒரு சூலிப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மண் நிரப்பினான். கை வேலை செய்தாலும் மனம் அடங்கவில்லை. அவன் பழைய கூட்டம் மேட்டில் எத்தனை கிலோ எடுக்கிறதோ என்று காது அங்கேயே கிடந்தது. முட்டாள்தனம் பண்ணிவிட்டோமோ என்று நாலு தடவையாவது நினைத்தான். மூன்றரைக்கு மணி அடித்தபோது வெயில் இன்னும் லயத்துச் சுவரில் இருந்தது. இந்த நேரத்தில் தன் வீடு எப்படி இருக்கும் என்றே அவனுக்குத் தெரியாது. அடுப்பை மூட்டத் தெரியாமல் மூட்டி, புகையில் இருமி, கருப்பட்டிக் காப்பிக்குத் தண்ணீர் வைத்தான்.

வேறு டிவிஷனில் கொழுந்து நிறுத்துவிட்டு, காலைப் பெரட்டில் நடந்தது காதுக்கு எட்டாமலே ஐந்து மணிக்கு இறக்கத்தில் வந்த சுருளியம்மாள் தன் வீட்டுக் கூரையில் புகையைக் கண்டாள். கூடையை வழியிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தாள். வாசலில் நின்றபோது அவளுக்கு மூச்சு வாங்கியது, முகம் வெளுத்துப்போயிருந்தது.

"என்னாச்சு? நெஞ்சு வலிக்குதா?"

"இல்லடி."

"பின்ன ஏன் இந்நேரத்துக்கு வீட்டுல இருக்கீங்க?"

"சும்மாதான். வேலை முடிஞ்சுச்சு, வந்துட்டேன்."

அவள் நம்பவில்லை. நம்புவதற்கு இருபத்து நாலு வருசத்தில் ஒரு நாள்கூட முன்னால் இல்லை. கிட்டே வந்து கொழுந்துக் கறை பிடித்த கையை அவன் நெஞ்சில் வைத்து, துடிக்கிறதா என்று பார்த்தாள். எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் காப்பித் தண்ணீர் பொங்கி வழிந்தது, இருவரும் கவனிக்கவில்லை.

"நாளைக்கும் இந்நேரத்துக்கு வருவீங்களா?"

"இருந்தா வருவேன்."

"இருந்தான்னு சொல்லாதீங்க" என்றாள். "வருவேன்னு சொல்லுங்க."

"வருவேன்" என்றான் மொக்கையன்.