ஒண்ணுமில்லை சாரும் குழாய்த் தண்ணீரும்

சுகாதார அமைச்சகத்தின் செய்தித் தொடர்பாளருக்குத் தெருவே சேர்ந்து வைத்த பெயர் 'ஒண்ணுமில்லை சார்'. எந்த நோய் பரவினாலும் தொலைக்காட்சியில் தோன்றி, "பயப்பட ஒன்றுமில்லை" என்பார். அவர் சொல்லும் அழகுக்குக் காய்ச்சலே வெட்கப்பட்டு இறங்கிவிடுமாம். அவர் பேட்டி முடியும்வரை கொசுக்கள்கூட யாரையும் கடிக்காமல் காத்திருக்குமாம்.

தெரு சிரித்தது. அவர் அக்கா மட்டும் அவர் பேச்சை அப்படியே நம்பினாள்.

ஊரில் வாந்திபேதி பரவியதும் அக்கா தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடித்தாள். தம்பி திரையில் வந்து, "குடிநீரில் குறை இருப்பதாக எந்த முடிவும் வரவில்லை" என்றார். அக்கா அடுப்பை அணைத்தாள். இப்போது அரசு ஆஸ்பத்திரியில், குளுக்கோஸ் ஏற ஏற, வதங்கிய கீரைத்தண்டாகக் கிடக்கிறாள்.

"நீதானேடா சொன்னே?" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

தண்ணீர் கெட்டுவிட்டது என்று ஆய்வகம் எப்போதோ சொல்லிவிட்டது. ஆனால் அமைச்சர் கையெழுத்துப் போடும்வரை முடிவு வரவில்லை என்று சொல்வதுதான் அந்த அலுவலக வழக்கம். அமைச்சரோ கத்தரிக்கோலும் கையுமாகத் திறப்பு விழாக்களில் அலைந்துகொண்டிருந்தார்.

தம்பி விறுவிறுவென்று செயலாளரின் அறைக்குள் நுழைந்தார்.

"இன்னிக்கு உண்மையைச் சொல்லிடலாம் சார்."

"கையெழுத்து வரட்டும்யா. அதுக்குள்ள என்ன குடிமுழுகிப் போச்சு?"

"எங்க அக்கா பேதியில கிடக்கா சார்."

"அடடா! தனி ரூம் போடச் சொல்லட்டுமா?"

அந்தக் கரிசனத்தைக் கேட்டதும்தான் அவருக்கு உள்ளங்காலிலிருந்து உச்சிவரை பற்றிக்கொண்டு வந்தது. இடமில்லாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துக் கிடந்தவர்களுக்கு எந்த ரூம் போடுவார்களாம்?

நேரலைக் கூட்டத்தில் நிருபர் ஒருத்தி வழக்கம்போலக் கேட்டாள்: "முடிவு வந்துடுச்சா சார்?"

"வந்து ரொம்ப நாளாச்சும்மா. தண்ணி கெட்டுக் கிடக்கு. கொதிக்க வைக்காம ஒரு வாய்கூடக் குடிக்காதீங்க."

மேசைக்கடியில் செயலாளர் அவர் காலை மிதித்தார்.

"காலை எடுங்க சார், வலிக்குது" என்றார், ஒலிவாங்கியிலேயே. "என் பேச்சை நம்பி எங்க அக்கா அடுப்பை அணைச்சா. உங்க வீட்லயும் அணைச்சிருப்பாங்க. போய்ப் பத்த வைங்க!"

வெளியே வருவதற்குள் வேலை போயிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனார். வார்டுத் தொலைக்காட்சியில் அக்கா எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

"வேலை போச்சா?"

"போச்சுக்கா."

"போகட்டும். இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா நான் ஏண்டா இங்க கிடக்கேன்?"

தலைமாட்டில் இருந்த கூஜாவைத் தொட்டார். ஜில்லென்றிருந்தது.

"சிஸ்டர், இது கொதிச்ச தண்ணியா?"

"குழாய்த் தண்ணிதான் சார். கொதிக்க வைக்கச் சொல்லி எங்களுக்கு யாரு ஆர்டர் போட்டா?"

கூஜாவைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே கவிழ்த்தார். அடுத்த கட்டில் கூஜாவையும் கவிழ்த்தார். "யோவ், என் தண்ணியை ஏன்யா கொட்டுறே?" என்று ஒருவர் கத்தினார். கூஜாக்களைக் கவிழ்த்தபடியே கட்டில் கட்டிலாகப் போய்க்கொண்டிருந்தார்.