தண்ணீர் இல்லாத இடத்தில் ஓட்டிய கப்பல்

பிள்ளைகளே, நான் திருகோணமலைத் துறைமுகத்தில் பயணிகள் படகு ஓட்டுபவன். என் மகள் போனில் இணையம் வழியாக விளையாடும் விண்வெளிக் கப்பல் போட்டியில் தன் அணியில் என்னையும் சேர்த்துக்கொண்டாள். ஒரு கிழமை, ஏழு நாளும் பழகியும் எனக்கு அது பிடிபடவில்லை. ஒருநாள் போட்டியில், இறங்குதுறையை நெருங்கும்போது செய்வதுபோல எஞ்சினை நிறுத்தினேன். என் கப்பல் நிற்காமல் போய் அவளுடைய கப்பலில் மோதியது.

“அப்பா, இஞ்ச தண்ணி இல்லை, தானா நிக்காது. எதிர்ப்பக்கம் எஞ்சினைப் போடுங்கோ,” என்று சிரித்தாள்.

“படகு ஓட்டுறவனுக்கே நீ ஓட்டக் காட்டித்தாறியோ?” என்று சொல்லிப் போனை அணைத்துவிட்டேன். ஆள் குறைந்ததால் அவளது அணி தோற்றது.

மறுநாள் வெட்கத்தோடு, “இண்டைக்கு நானும் வரட்டோ?” என்று கேட்டேன்.

“வேண்டாம் அப்பா. உங்களுக்குக் கோவம் வரும்,” என்றாள் மெதுவாக.

அவள் குரலில் கோபமே இல்லை. எனக்குக் கோபம் வராமல் பார்த்து நடக்க, இந்தச் சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டுவிட்டாள். கற்றுக்கொடுத்தவன் நான்தான்.