கமலா அக்காவின் பதிவும் என் வெள்ளைக் கோட்டும்

வங்காளத்தில், துணிப்பையோடு பெஹாலாவிலிருந்து டாலிகஞ்சை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். வார்டு பாயாக இருந்த நர்சிங் ஹோமை அப்போதுதான் விட்டு வந்திருந்தேன்.

எட்டாம் வகுப்பைத் தாண்டாத எனக்கு அங்கே வெள்ளைக் கோட்டு மாட்டி ஊசி போடச் சொல்லியிருந்தார் முதலாளி. ஆயா வேலை பார்த்த கமலா அக்காவோ, மதுரையில் படித்துத் தமிழ்நாட்டில் பதிவு பெற்ற நர்ஸ். வங்காளப் பதிவு வராததால் அவர் ஊசியைத் தொடக் கூடாது.

அன்று காலை, கால் புண்ணோடு வந்த டிராம் கண்டக்டருக்குப் பெனிசிலின் போடப் போனேன். அக்கா கையைப் பிடித்துக்கொண்டார்.

"டேய், டெஸ்ட் பண்ணுனியா?"

"அப்படின்னா?"

"ஆளைக் கொல்லப் பாத்தியேடா!"

ஊசியைப் பிடுங்கி, மருந்தை நீர்க்கச் செய்து, கண்டக்டரின் முன்கைத் தோலுக்குள் ஒரு துளி மட்டும் செலுத்தினார். சற்று நேரத்தில் அந்த இடம் சிவந்து தடித்தது. அந்த மருந்து அவருக்கு ஒவ்வாது; முழுவதும் போயிருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும்.

விஷயம் தெரிந்ததும் முதலாளி அக்காவைத்தான் வேலையை விட்டு அனுப்பினார். "பதிவு இல்லாம ஊசியைத் தொட்டுட்டியே!"

"எனக்கு மட்டும் எந்த ஊர்ப் பதிவு இருக்கு, பாபு?" என்றேன்.

"வாயை மூடு மதராஸி, வேலையைப் பாரு."

கோட்டைக் கழற்றி அவர் மேசைமேல் எறிந்தேன்.

என்னைப் போன்றவனைத் தடுக்கச் சட்டம் வேண்டும். ஆனால் மாநிலம் மாறினால் அக்காவின் படிப்பு எப்படி இல்லாமல் போகும்? இதை எவரிடம் வேண்டுமானாலும் கேட்பேன். ஊசியோடு வருபவரிடம் பதிவைக் கேட்காமல் இப்போது நான் கையை நீட்டுவதுமில்லை.

வேலையை விட்ட மறுநாள் காலை டாலிகஞ்ச் சந்தையில் மூட்டை தூக்கச் சேர்ந்தேன். அங்கே நான் தவறினால் உருளைக்கிழங்குதான் சிதறும்.