பழவண்டி காலியான ஞாயிறு

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருமுனையில் பழவண்டி போடும் பாயிடம் யாரும் வாங்கக் கூடாது என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றியது. அவர் முஸ்லிம் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. மூன்று பேர் நேரிலேயே வந்து, "ஞாயித்துக்கெழமைக்குள்ள வேற எடம் பாத்துக்கோ" என்று மிரட்டிவிட்டும் போனார்கள்.

எங்களுடையது பாசிச எதிர்ப்புக் குழு. பெயர்தான் பெரிசு, ஒரு நர்ஸ், இரண்டு டீச்சர், ஆட்டோ அண்ணன் ஒருவர், இப்படித்தான் ஆட்கள். போன தடவை தட்டி பிடித்துக் கத்தியதில், டிவியில் எங்களையே கலகக்காரர்கள் மாதிரி காட்டிவிட்டார்கள். அதனால் இந்த முறை கோஷம் வேண்டாம், பையோடு போய்ப் பழம் வாங்குவோம் என்றேன். என் யோசனைதான்.

ஞாயிறு காலை முப்பது பேர் போனோம். வந்திருந்த டிவி கேமரா பார்க்கச் சிரித்துச் சிரித்து வாங்கினோம். ஒன்பது மணிக்கெல்லாம் வண்டி துடைத்துவிட்ட மாதிரி காலி. பாய் வண்டியைக் கம்பத்தில் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

சர்ச் முடிந்து வழக்கமாக வாங்குகிறவர்கள் வந்தால், ஆளில்லை. "தொரத்திட்டாங்க போல" என்று பேச்சு பரவியது. மத்தியானம் ஒரு சேனலில் அந்த வெறும் வண்டியைத்தான் காட்டினார்கள். மிரட்டியவர்கள் அந்தப் படத்தையே போட்டுக் கொண்டாடினார்கள்.

மறுநாள் காலையிலேயே ஓடினேன். பாய் கொய்யா அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா யக்கா, நல்லது பண்றேன்னு என்னியே காலி பண்ணிட்டீங்க? நான் இங்க நிக்கறதுதான் அவனுங்களுக்கு பேஜாரு. பழம் இல்லாம இன்னாத்த வச்சிகினு நிப்பேன்?"

"தப்புதான் பாய். இப்ப என்ன செய்யட்டும்?"

"டெய்லி ரெண்டு பேரு வாங்க, அரைக் கிலோ போதும். கொஞ்சம் பேரமும் பேசுங்கக்கா. சொன்ன வெலைய அப்டியே குடுத்தா, துக்கம் விசாரிக்க வந்த மாதிரி கீது."

முறை போட்டுக்கொண்டோம். காலையில் ஒருவர், ரயில் இறங்கி வரும்போது ஒருவர். டீச்சர்களுக்குப் பேரம் பேச வரவில்லை. ஆட்டோ அண்ணன் கற்றுக்கொடுத்தார். பக்கத்துக் கடைக்காரர்களும் மெல்ல எங்களோடு பேச ஆரம்பித்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து, கல்யாணத்துக்கென்று பாய் ஒரு நாள் லீவு போட்டார். அடுத்த நாள் நான் போனபோது, அந்த வாட்ஸப் செய்தியை எனக்கே அனுப்பியிருந்த எதிர் அபார்ட்மென்ட் அம்மா வண்டி முன்னால் நின்றிருந்தார்.

"சொல்லாம கொள்ளாம லீவு போட்டா எப்படி பாய்? பாப்பா டப்பாவுக்கு நான் என்னத்த வைப்பேன்?"

"மன்னிச்சிக்கமா, இனிமே சொல்லிட்டுப் போறேன்."

அன்றைக்கு வாங்க வேண்டியது என் முறை. வாங்காமலே திரும்பினேன்.