நான் விதைத்த வெள்ளைப் பூ

குருண் நகரில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டும் பிரிவில் எனக்கு வேலை. சனி, ஞாயிறுகளில் கல்யாண மேடைகளுக்குப் பூ அலங்காரம் செய்வேன். ரோஜாக்களுக்கு இடையே நிரப்ப, பொடிப்பொடியான ஒரு வெள்ளைப் பூ தேவைப்படும். மலையிலிருந்து வரும் அந்தப் பூ எப்போதும் நினைத்த நேரத்தில் கிடைக்காது.

ஒரு நாள் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது, சாலையோரம் கொட்டிக் கிடந்த மண்மேட்டில் அதே மாதிரிப் பூவைப் பார்த்தேன். இடுப்பளவுச் செடி. கேரட் இலை மாதிரி கீறல் கீறலான இலை. கிளை நுனியெல்லாம் அரிசி தெளித்தாற்போல வெள்ளை. வண்டியை நிறுத்திவிட்டு ஒரு கட்டு பறித்தேன். அந்த வாரக் கல்யாணத்தில் மேடையைப் பார்த்து எல்லாரும் பாராட்டினார்கள். முடிந்ததும் பெண்கள் கேட்டதால் ஆளுக்கு ஒரு கொத்து கொடுத்து அனுப்பினேன்.

மிஞ்சியதைக் குப்பையில் போட மனம் வரவில்லை. நாங்கள் முன்பு குடியிருந்த எஸ்டேட் தோட்டத்தில் இப்போது வீடுகள் இல்லை. செம்பனை மரங்களுக்கு நடுவே கோயில் மட்டும் இருக்கிறது. அதன் பின்னால் ஒரு புல்வெளி. காய்ந்த பூக்களை அங்கே கொண்டுபோய் வேலியோரமாக உதறினேன். தெரியாமல் உதறவில்லை. முளைத்தால் இனி பூவுக்கு அலைய வேண்டாமே என்று, வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றிவிட்டும் வந்தேன்.

முளைத்தது. ஒரு மாதத்திலேயே பூத்தது. அடுத்தடுத்த மழைகளில் வேலியைவிட்டுப் புல்வெளிக்குள் இறங்கியது. நான் வாரம்தோறும் போய்ப் பறித்தேன். கையில் தடிப்புத் தடிப்பாக அரிப்பு வந்தபோது, தொழிற்சாலையில் பெட்டி ஒட்டும் பசைதான் காரணம் என்று நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டேன்.

அந்தப் புல்வெளியில் மாடு மேய்ப்பவர் பால்கார அக்கா. நான்கு பசு வைத்திருக்கிறார். எங்கள் தாமான் குடியிருப்பில் பாதி வீட்டுக்கு அவர் பால்தான். ஒரு காலை என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"பால்ல ஏதும் வித்தியாசம் தெரியுதாம்மா?"

"கொஞ்சம் கசக்குதுக்கா. நான் என் நாக்குதான் சரியில்லன்னு இருந்தேன்."

"மூணு வீட்டுல வேணாம்னு சொல்லிட்டாங்க லா. பாத்திரத்த நல்லாத்தான் கழுவுறேன். மாட்டுக்கும் காய்ச்சல் இல்ல. வாயச் சுத்திப் புண்ணு மாதிரி இருக்கு."

அக்கா மாட்டு டாக்டரிடம் போனார். டாக்டர் மேய்ச்சல் இடத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு விவசாய இலாகாவுக்குத் தகவல் சொன்னார். இரண்டு நாளில் அலோர் ஸ்டாரிலிருந்து ஓர் அதிகாரி புல்வெளிக்கு வந்தார். அக்கா கூப்பிட்டதால் நானும் போயிருந்தேன். வந்தவர் இளம் மலாய்ப் பெண். காடியை நிறுத்திவிட்டு இறங்கும்போதே நீளக் கையுறையும் முகக் கவசமும் போட்டுக்கொண்டார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது, அவர் நேராக என் பூவுக்குப் போய் நிற்கும்வரை.

"இதைத் தொடாதீங்க" என்று மலாயில் சொன்னார். பார்த்தீனியம் என்று பெயர். வெளிநாட்டுச் செடி. மாடு தின்றால் பால் கசக்கும். மனிதருக்குத் தோல் அரிக்கும், மூச்சு இழுக்கும். வேரிலிருந்தும் உதிர்ந்த இலையிலிருந்தும் மண்ணில் ஏதோ கலந்து, பக்கத்தில் வேறு செடியை முளைக்கவிடாது. ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். அது மண்ணுக்குள் வருடக்கணக்கில் காத்திருக்கும்.

நான் கையைச் சேலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

"முன்னாடி இங்க என்ன இருந்துச்சு?" என்று அதிகாரி கேட்டார்.

"தும்பை" என்றார் அக்கா. "சிவராத்திரிக்கு இங்கதான் கூடை கூடையாப் பறிப்போம்."

மூவரும் தேடினோம். தும்பை ஒன்றுகூட இல்லை. கீழாநெல்லி இல்லை. தொட்டாற்சிணுங்கிகூட ஓரத்தில் நாலைந்துதான். வாரம்தோறும் அங்கே போனவள் நான். வெள்ளையாக இருந்ததை மட்டும் பார்த்தேன்; அந்த வெள்ளை எதன்மேல் பரவியது என்று ஒரு நாளும் குனிந்து பார்க்கவில்லை. அதிகாரி குச்சியால் கிளறிக் காட்டிய இடத்தில் வெறும் மண் தெரிந்தது.

"மண்ணு லாரியில வந்திருக்கும். இல்ல, தீவனத்துல" என்று அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

சும்மா இருந்திருக்கலாம். அக்கா பக்கத்தில் நின்றார், அதனால் முடியவில்லை.

"நான்தான் போட்டேன்" என்றேன்.

அதிகாரியின் பேனா நின்றது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "தண்ணியும் ஊத்துனியா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். அவர் மாடுகளை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த மூன்று ஞாயிறுகள் கையுறையோடு வேரோடு பிடுங்கினேன். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் இலாகா ஆட்கள் எடுத்துப்போய் அழித்தார்கள். மூன்றாவது ஞாயிறு அக்காவும் வந்தார். எதிர்ப் பக்கத்திலிருந்து பிடுங்கிக்கொண்டே வந்தார்.

அன்று நிமிர்ந்து முதுகை நீவும்போதுதான் முதல் கல்யாணத்தில் ஆளுக்கு ஒரு கொத்து கொடுத்து அனுப்பியது நினைவுக்கு வந்தது. அங்கேயே மணப்பெண்ணின் அம்மாவுக்குப் போன் செய்தேன். "பூவா? எல்லாரும் ஊருக்கு எடுத்துட்டுப் போனாங்க லா. கோத்தா கோலா மூடாவுல என் தங்கச்சிகூட காஞ்ச பூவத் தொட்டியில உதறி வளத்திருக்கா" என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். தங்கச்சி வீட்டு வாசலில் தொட்டி நிறையப் பூத்திருந்தது. "உங்க கைராசிதான் அக்கா" என்றாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் வெளுத்தது. கைக்குழந்தை அந்தத் தொட்டி அருகில்தான் தவழுமாம். இருவருமாகச் செடியைப் பிடுங்கிப் பையில் போட்டோம். பிறகு அவள் கதவைத் தாண்டி வெளியே கைகாட்டினாள். பக்கத்து வீட்டுக்காரம்மா ஒரு கன்று கேட்டதால் போன வாரம் கொடுத்தாளாம்.

அந்த வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். வீடு பூட்டியிருந்தது.