டொக்டரின் கதவுக்கு வெளியே

பதினைந்து வருடமாக என் மகளின் வாய் நான்தான். நாங்கள் குடியிருக்கும் ரோவிலில் எங்கள் குடும்ப டொக்டர் அவளைப் பார்த்து எங்கே நோகிறது என்று கேட்டால், அவள் வாய் திறக்குமுன் நான் பதில் சொல்லிவிடுவேன். கேட்காமலே, அவள் பால் குடிப்பதில்லை என்ற முறைப்பாட்டையும் சேர்த்துவிடுவேன்.

போன மாதம், அவளே விண்ணப்பித்து, அவள் பெயரில் தனி மெடிகெயார் அட்டை, அரசாங்க மருத்துவக் காப்பீட்டு அட்டை, வந்தது. அடுத்த சனிக்கிழமை டொக்டர் அவளைக் கூப்பிட்டதும் வழக்கம்போல நான்தான் முதலில் எழுந்தேன்.

“அப்பா, நீங்க இருங்கோ. நான் தனியப் போறன்.”

காத்திருந்தவர்கள் போனை விட்டு என்னைப் பார்த்தார்கள். பதினெட்டு ஆகாத பிள்ளைக்கு அப்படியொரு சட்டம் இருக்கிறதா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன். இருக்கிறதாம், பள்ளிக்கூடத்தில் படித்தாளாம். தன் வைத்தியத்தை விளங்கிக்கொள்ளும் பக்குவம் பிள்ளைக்கு உண்டென்று டொக்டர் நினைத்தால், பிள்ளையே சம்மதம் சொல்லலாம். உள்ளே பேசியதைப் பெற்றோரிடம் சொல்லவும் தேவையில்லை.

“எனக்கு விளங்காட்டி?”

“உங்களுக்கு விளங்கத் தேவையில்லை அப்பா. எனக்கு விளங்கினாக் காணும்.”

கதவு மூடியது. சுவரில் ஒட்டியிருந்த கர்ப்பிணிகளுக்கான அறிவுரையை ஓர் எழுத்து விடாமல் படித்தேன். காலையில், சும்மா ஒருக்காக் காட்ட வேணும் என்றுதான் சொன்னாள். சும்மா காட்டுவதற்கு எதற்குக் கதவு? இனி நான் வெறும் டிரைவர்தானோ? கதவோரக் கதிரைக்கு மாறினேன். ஒன்றும் கேட்கவில்லை. இவ்வளவு நல்ல கதவு செய்த தச்சன்மேல் கோபம் வந்தது.

போன் அதிர்ந்தது. உள்ளேயிருந்து அவள்தான். தனக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று கேட்டிருந்தாள்.

பென்சிலின். அதை மட்டும் அனுப்பியிருக்கலாம். இரண்டு வயதில் அதைக் குடித்து உடம்பெல்லாம் தடித்ததையும், அன்று அவள் போட்டிருந்த மஞ்சள் சட்டையையும் சேர்த்து ஒரு கட்டுரையே எழுதி அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. அந்தக் கட்டைவிரலைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரில் ஏறியும் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றுதான் தெரிந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்று அவளே சொன்னாள். ஒத்துக்கொள்ளாத மருந்தின் விஷயம் டொக்டரின் கணினியில் ஏற்கெனவே இருக்கிறதாம். ஆனாலும் தனியே வருகிறவர் அதைத் தானே தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்றாராம் டொக்டர். நியாயம்தான். உடனே வாய்ப்பாடுபோல பென்சிலின், பென்சிலின் என்று சொல்லவைத்தேன்.

“காணும் அப்பா. இனி நீங்க இல்லாட்டியும் சொல்லுவன்.”

அதற்காகத்தானே சொல்லிக்கொடுத்தேன். ஆனாலும் சிக்னல் பச்சையானது, பின்னால் ஹோர்ன் அடித்த பிறகுதான் தெரிந்தது.

அவளுடைய இரத்தம் எந்த வகை என்பதும் எனக்குத் தெரியும். இன்னும் சொல்லவில்லை. கேட்கட்டும்.